பூட்டி வைத்த புத்தகம் யாருக்குப் பயன்?

தோழர் ஒருவர் நம்மிடம் கோபித்துக்கொண்டார். நல்ல ஊழியர், பல ஆண்டுகளாக இயக்கத்தில் உழைத்து வருபவர். அவருக்கு உள்ள அபிப்பிராயம் வேறு சிலருக்கும் இருக்கக்கூடும். ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்வது நல்லது என்று கருதுகிறோம்.

விஷயம் இதுதான். எர்ணாவூரில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடி, தாங்கள் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசி, அவற்றைக் கைமாற்றிக் கொள்கிறோம். தொழிற்சாலைகளில் காண்ட்ராக்ட் முறையில் வேலை செய்வோர், மீனவர்கள், சுனாமிக் குடியிருப்பிலிருந்து வரும் மாதர்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், ஓய்வு பெற்ற இரண்டொரு பெரியவர்கள் ஆகியோரே நமது வட்டம். தோழர் வந்திருந்த அன்று முதல் அரைமணி நேரம் கேரம் விளையாட்டைப் பற்றியே பேச்சு. பிறகு, பர்மா நகரிலிருந்து வரும் ஆயா ஒருவர் அத்தோ செய்யும் பக்குவத்தை விளக்கினார். அப்புறம்தான் ஒரு நாவல் பையை விட்டு வெளியே வந்தது.

தோழருக்குப் பொறுக்கவில்லை. "கூலிப் பிரச்னை இருக்கிறது, காண்ட்ராக்ட் பிரச்னை இருக்கிறது, ஆற்றில் எண்ணெய் ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில் அத்தோவும் கேரமுமா? இது படிப்பு வட்டமா, திண்ணைப் பேச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

திண்ணைப் பேச்சுதான், தோழரே! அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் என்ன விளைகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாம் செய்த தவறு

ஒரு காலத்தில் நாமும் தோழரைப் போலத்தான் நினைத்தோம். நம்மிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தன. பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி நமது சட்டைப் பையில். யார் எதைப் படிக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானித்தோம். எடுத்துப் போனவர்களின் பெயரை நோட்டில் எழுதினோம். திருப்பாதவர்களின் பெயரைச் சிவப்பு மையால் கோடிட்டோம். தெருவில் கண்டால் கேட்டோம். சில சமயம் கடிந்தும் பேசினோம்.

ஒரு நாள் வாலிபன் ஒருவன் வந்தான். "அண்ணா, குத்துச்சண்டையைப் பத்தி எதுனா புக்கு இருக்குதா?" என்றான். "அதெல்லாம் இங்கே இல்லை தம்பி, இதைப் படி" என்று கனமான அரசியல் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினோம். மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரத்தில் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிரித்தே பார்க்கவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு நம்மைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவான்.

நாம் என்ன செய்தோம்? "வாலிபர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று கிளைக் கூட்டத்தில் ரிப்போர்ட் வைத்தோம். அந்த ரிப்போர்ட் தவறு என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். அவன் படிப்பைத் தேடித்தான் வந்தான். அவன் தட்டிய கதவை அடைத்துவிட்டு, நமக்குப் பிடித்த வேறொரு கதவைக் காட்டியவர்கள் நாம்.

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' என்ற சினிமா வந்தது. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய கதை. எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. நமது வட்டத்திலிருந்த ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர், தாம் வாலிபத்தில் பார்த்த பந்தயங்களைப் பற்றி ஒரு மாலை முழுதும் பேசினார். யார் எந்தப் பரம்பரை, எப்படிப் பயிற்சி எடுப்பார்கள், பந்தயத்தன்று ராயபுரம் எப்படி இருக்கும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, வாசலில் ஒரு தலை தெரிந்தது. அதே வாலிபன்! உள்ளே வரவில்லை, கடைசி வரையில் நின்றே கேட்டான். அடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தான். மூன்றாவது வாரம் ஒரு கேள்வி கேட்டான்: "படத்துல எமர்ஜென்சின்னு வருதே, ஆட்சியைக் கலைச்சாங்கன்னு வருதே, அது இன்னாண்ணா?"

1975 முதல் 1977 வரையில் நாட்டில் இருந்த நெருக்கடி நிலையைப் பற்றியும், 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது பற்றியும் பெரியவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். "இதெல்லாம் எந்தப் புக்குல இருக்குது?" என்றான். முன்பு அவன் பிரிக்காமல் திருப்பிய அதே புத்தகத்தில்தான் இருந்தது! இந்த முறை எடுத்துப் போனவன், ஓரத்தில் பென்சில் குறியோடு திருப்பிக் கொண்டுவந்தான்.

தோழரே, அது புத்தகத்தின் குற்றமும் அல்ல, வாலிபனின் குற்றமும் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு திண்ணை இல்லாமல் போனதுதான் குற்றம்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியதை நாடே அறியும். எர்ணாவூரில் தாழ்வான வீடுகளின் சுவர்களில், தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகிலும் வலையிலும் எண்ணெய். சட்டி பானையிலும் எண்ணெய்.

நமது டிரங்குப் பெட்டியும் தாழ்வான ஓர் அறையில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பூட்டைத் திறந்தோம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த கட்டியாகக் கிடந்தன. பல ஆண்டுகளாகச் சேர்த்தவை. வாசலில் அள்ளிப் போட்டபோது நம்மால் பேச முடியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நாம் எதிர்பாராதது. ஒரு வாரம் கழித்து, மாடிக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மாள் துணிப் பையோடு வந்தார். "தோழர், இது உங்க புக்குதான். ரெண்டு வருஷமா பரண்லேயே கெடந்துச்சு" என்று மூன்று புத்தகங்களை வைத்தார். அடுத்து ஒரு மீனவத் தோழர். அவர் வீட்டில் பிளாஸ்டிக் பையில் சுற்றி உத்தரத்தில் செருகி வைத்திருந்த ஒரு நாவல். அடுத்து இன்னொருவர். இப்படியே மாதக் கடைசிக்குள் ஓர் அலமாரித் தட்டு நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? நமது நோட்டில் சிவப்பு மையால் கோடிடப்பட்டவர்கள்!

நாம் பத்திரமாகப் பூட்டி வைத்தவை அழிந்தன. கை மாறிப் போனவை பிழைத்தன. நாம் கடிந்து பேசிய 'கடன்காரர்'களே நமது நூலகத்தைக் காப்பாற்றினார்கள்.

இந்தப் பாடத்தை ஒரு தமிழர் வெகு காலத்துக்கு முன்பே உலகுக்குச் சொல்லியிருக்கிறார். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். 1931-ல் வெளிவந்த அவருடைய நூல், நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தது. புத்தகம் இருப்பது உபயோகத்துக்கே என்பது முதல் விதியின் சாரம். முற்காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்த நூலகங்கள் இருந்தன. சங்கிலிக்கும் நமது பூட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற புத்தகம் உண்டு என்பது இரண்டாவது விதி. குத்துச்சண்டைப் புத்தகம் கேட்ட வாலிபனும் அந்த விதிக்குள் அடங்கியவன்தானே!

அதே 1931-ல் மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை, மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகன் புத்தகத்தைத் தேடி வர முடியாவிட்டால் புத்தகம் வாசகனைத் தேடிப் போக வேண்டும் என்று இரட்டை மாடு பூட்டிக் காட்டிய தமிழ்நாடு இது.

சபையிலிருந்து சங்கம்

"எல்லாம் சரி, இதனால் தொழிலாளிக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். சரித்திரத்தைப் பாருங்கள்.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. எங்கே முளைத்தது அது? பெரம்பூர் பி அண்டு சி மில்களின் தொழிலாளர்கள் கூடிய இடங்களில் ஒன்று, 'வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை'. அது சங்கம் அல்ல; சமயச் சொற்பொழிவு கேட்பதற்காக ஏற்பட்ட சபை. அதை நடத்தியவர்களான செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார்கள். திரு.வி.க. அங்கே வந்து பேசினார். பின்பு வாடியா வந்தார். கதை கேட்க வந்து ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள், பக்கத்தில் இருப்பவனுக்கும் தன்னைப் போலவே அடி விழுகிறது, தன்னைப் போலவே கூலி வெட்டப்படுகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். அப்புறம்தான் சங்கம். முதலில் பாய் விரித்த பிறகே கொடி ஏற முடிந்தது. தோழருக்கு இது நினைவிருக்கட்டும்.

கடல் கடந்தும் இதே கதைதான். கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-ல் ஒரு வழக்கம் பிறந்தது. தொழிலாளர்கள் சுருட்டு சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து உரக்க வாசிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. பத்திரிகைச் செய்தியும் உண்டு, நாவலும் உண்டு. எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே தீர்மானித்தார்கள். அலெக்சாந்தர் தூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப் போனதால், பிற்காலத்தில் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆளும் கூட்டத்துக்கு இந்த வாசிப்புப் பிடிக்கவில்லை. 1866-லேயே தடை போட்டார்கள். நாவலைக் கண்டு ஏன் பயந்தார்கள்? நாவலைக் கண்டல்ல, ஒரே கதையை நூறு பேர் சேர்ந்து கேட்டு, சேர்ந்து சிரித்து, சேர்ந்து விவாதிப்பதைக் கண்டு பயந்தார்கள்.

பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1969-ல் கண்ணூரில் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவில், ஒரு தொழிலாளி பத்திரிகையும் புத்தகமும் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் உலக விவகாரம் பேசும் வல்லமை பெற்றது இப்படித்தான்.

வாசகனும் ஆசிரியன்தான்

புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வதில் இன்னொரு நன்மை உண்டு. புத்தகம் நமக்குச் சொல்வது பாதி. நாம் புத்தகத்துக்குச் சொல்வது மறுபாதி.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிக'ளும், மீனவர் வாழ்வைப் பற்றி 'அலைவாய்க் கரையி'லும் எழுதினார். அந்தந்த மக்களிடம் நேரில் சென்று, பழகி, கேட்டு எழுதியவர் அவர். மீனவர் நாவலை நமது வட்டத்தில் வாசித்தபோது, ஒரு மீனவத் தோழர் இடைமறித்தார். "தெக்கத்திக் கரையிலே அப்படிச் சொல்வாங்க. நம்ம கரையிலே காத்துக்கு வேற பேரு, வலைக்கு வேற பேரு" என்று ஆரம்பித்து, தம் தகப்பனார் காலத்துச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லூரிப் பெண் ஒருத்தி அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தச் சொற்களில் பல எந்தப் புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. அன்று யார் ஆசிரியர், யார் மாணவர்?

அசோகமித்திரனின் 'தண்ணீர்', சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தினூடே ஒரு பெண்ணின் வாழ்வைச் சொல்லும் நாவல். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய மாதர்கள் அதைக் கேட்டபோது, விளக்கவுரை தேவைப்படவில்லை. "இதை எழுதினவரு நம்ம லைன்லே நின்னாரா?" என்று ஒருவர் கேட்டார். நாவலுக்கு இதைவிட மேலான மதிப்புரை எந்தப் பத்திரிகையில் வரும்?

கேரமும் அப்படியே. மரிய இருதயம் கேரத்துக்காக 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தப் பகுதி மன்றங்களில் கேரம் பலகை ஒரு மூலையில், தினசரிப் பத்திரிகை ஒரு மூலையில் என்றுதான் பல தலைமுறை வளர்ந்தது. பலகையைத் தேடி வந்தவன் பத்திரிகையைப் புரட்டினான்; பத்திரிகையைத் தேடி வந்தவன் ஒரு ஆட்டம் ஆடினான். இரண்டையும் பிரிப்பானேன்?

பர்மா நகர் ஆயா அத்தோவைப் பற்றிச் சொன்னாரே, அந்தக் கதை எங்கே முடிந்தது தெரியுமா? 1960-களில் ரங்கூனில் கடையையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறிய குடும்பங்களின் கதையில் முடிந்தது. தோழர் கொஞ்சம் முன்னதாக எழுந்து போய்விட்டார்!

நேரம் எங்கே? இடம் எங்கே?

படிப்பதற்கும் பகிர்வதற்கும் இரண்டு பொருள்கள் வேண்டும்: நேரம், இடம். இரண்டுமே நம் மக்களுக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

2023 ஏப்ரல் 21-ல், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. பத்தே நாளில், மே 1 அன்று, அது வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சமயம் நமது வட்டத்தில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி சொன்ன வார்த்தை மறக்க முடியாதது: "பன்னெண்டு மணி நேரம்னா நான் இங்கே வர முடியாது, தோழர்." அவர் சம்பளத்தைச் சொல்லவில்லை, உடம்பைச் சொல்லவில்லை; நாவலின் மீதிப் பகுதியைச் சொன்னார். எட்டு மணி நேர வேலை நாளுக்காகப் போராடியவர்கள், நாளில் மூன்றில் ஒரு பகுதி தொழிலாளியின் சொந்த விருப்பத்துக்கு வேண்டும் என்றார்களே, அந்த விருப்பம் என்பது இதுதான். 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், மீனவர் குலத்தில் பிறந்து, வீடு நிறையப் புத்தகம் சேர்த்தவர். சேர்த்த அறிவைப் பூட்டி வைத்தாரா? 1930-களில் 'குடி அரசு' பத்திரிகையில் விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதி எழுதிப் பாமரருக்கு வழங்கினார்.

இடத்தின் சங்கதி என்ன? 1948-ல் பொது நூலகச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. இந்தியாவின் பிற பகுதிகளுக்கு வழிகாட்டிய சட்டம் அது. அதன்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டும் அந்தக் காசு வாடகையில் ஏறிக் குடியிருப்பவன் தலையிலும்தான் விழுகிறது. எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மகிழ்ச்சி! ஆனால் இரவு ஷிப்டு முடித்து வரும் எர்ணாவூர்த் தொழிலாளி, கண்டெய்னர் லாரி நெரிசலைத் தாண்டி அங்கே போய்ப் படித்துவிட்டு வர முடியுமா? நடந்து போகும் தூரத்தில், மாலை ஆறு மணிக்கு மேலும் திறந்திருக்கும், வெள்ளம் ஏறாத ஓர் இடம் வேண்டும். இது தர்மம் அல்ல. நம் வரிப் பணத்துக்கு நாம் கேட்கும் கணக்கு.

கைபேசி வந்த பிறகு புத்தகம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கைபேசியை நாம் பழிக்கவில்லை. அதிலும் நல்ல நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் ஒரே அறையில் நாலு பேர் நாலு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் காட்சியை எல்லோரும் பார்க்கிறோம். அந்த நாலு பேரையும் நேருக்கு நேர் திருப்பி உட்கார வைப்பதற்கு ஒரு முயற்சி தேவைப்படுகிறது. அதைத்தான் செய்யச் சொல்கிறோம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு குடியிருப்பும் இதைச் செய்யலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் குறியுங்கள். வருகிற ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவரட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் தமக்குத் தெரிந்த ஒரு தொழிலை, ஒரு சமையலை, ஒரு பாட்டைக் கொண்டுவரட்டும். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பேச்சு எங்கே போனாலும் தடுக்காதீர்கள். அது திரும்பி வரும். புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள். நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு மை வேண்டாம்.

அந்தப் பகுதிக்குக் கிளை நூலகம் இல்லையென்றால், இருந்தும் வேலை நேரத்தில் மட்டுமே திறக்கிறதென்றால், எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். சேர்ந்து படித்தவர்கள் சேர்ந்து கையெழுத்திடுவது கஷ்டமல்ல.

நமது அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை. அதுவும் மாடி வீடு ஒன்றில்தான் இருக்கிறது.

கடைசியாக, கோபித்துக்கொண்டு போன தோழருக்கு ஒரு வார்த்தை. தோழரே, நீங்கள் மொட்டை மாடியில் புறா வளர்ப்பதையும், பந்தயப் புறாவைப் பற்றி உங்களைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் புறா வாங்குவதில்லை என்பதையும் நாம் அறிவோம். புறா எப்படி வீடு திரும்புகிறது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகளும் வெகு காலமாக மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி வாசிப்பதற்கு நம் வட்டத்தில் ஆள் இருக்கிறது. அனுபவத்திலிருந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

வருகிற ஞாயிறு மாலை உங்கள் முறை. பாய் விரித்திருக்கும், வந்து சேருங்கள்!